அத்தைக்குக் கோபம் இல்லை, காதில் அடைப்பு!

எங்கள் வீட்டில் 2013 ஜனவரி மாதம் ஒரு பனிப்போர் நடந்தது. தில்லிக் குளிரைச் சொல்லவில்லை. அது வருடா வருடம் வருவதுதான். எனக்கும் என் மாமியாருக்கும் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். இதை நம் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அத்தையிடமே கேட்டேன். "எழுது, எழுது. நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும். ஆனா உன் பேர்லயும் தப்பு இருக்குன்னு சேத்து எழுது" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

மாமனார் காலமான பிறகு, 2012 தீபாவளியை ஒட்டி அத்தையை அம்பாசமுத்திரத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அப்போது நாங்கள் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அத்தைக்கு வயது 71. ஹிந்தியில் "அச்சா", "நஹி" என்ற இரண்டு சொற்கள்தான் அவருடைய மூலதனம். அதை வைத்துக்கொண்டே கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளோடு வெயிலில் உட்கார்ந்து, பட்டாணி உரித்தபடி மணிக்கணக்கில் பேசிவிட்டு வருவார். சாயங்காலம் மலை மந்திருக்கு ஒரு நடை. அங்கே நாலு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் அவருக்கு ஊருக்குப் போய் வந்த திருப்தி.

டிசம்பர் கடைசியில் இதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. மலை மந்திருக்குக் கூப்பிட்டால், "குளிருது, நீ போய்ட்டு வா" என்பார். கீழ் வீட்டு அம்மாளிடம் போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் போன் செய்தால், "லைன் சரியில்ல" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். டி.வி.யை மட்டும் மூன்றாம் மாடிக்குக் கேட்கிற அளவுக்கு வைப்பார். நான் எதாவது சொன்னால் பாதி நேரம் பதில் வராது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மருமகள் என்ன நினைப்பாள்? நான் என்ன தப்புச் செய்தேன் என்று இரவெல்லாம் யோசிப்பேன். காலையில் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள், "அத்தை, பால் காய்ச்சட்டுமா?" என்று கேட்டேன். "காய்ச்சலா? எனக்கு ஒண்ணும் இல்லியே!" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி தன் மகனிடம், "திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல எனக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடு. இங்க எல்லாரும் எனக்குத் தெரியாம என்னமோ பேசிக்கிடுதீங்க" என்றார்.

அந்த வார்த்தை இன்றைக்கும் என் மனதில் தைக்கிறது. காது கேளாதவர்களுக்கு நாம் பேசுவது ரகசியமாகத் தெரிகிறது. சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. அதிலும் வெளியே ஒரு வார்த்தை புரியாத ஊரில், வீட்டுக்குள் பேசும் தமிழும் கேட்காமல் போனால் ஒரு மனுஷி எங்கே போவாள்?

மூன்று யோசனைகள்

கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தார். "மாதாஜி ஊஞ்சா சுன்தீ ஹைன்" என்றார். உரக்கச் சொன்னால்தான் கேட்கிறது என்று அர்த்தம். கையோடு ஒரு வைத்தியமும் சொன்னார்: கடுகெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சிக் காதில் விடு.

என் கணவர் காதொலிக் கருவி விற்கும் ஒரு கடையில் விசாரித்தார். பல்லாயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். அழைத்து வாருங்கள், போட்டுப் பார்க்கலாம் என்றார்களே தவிர, முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது யோசனை அவருடைய அலுவலக நண்பருடையது. தலையில் சிவப்புத் துணி கட்டி, அதில் பஞ்சும் ஊசி போன்ற கம்பியும் செருகிக்கொண்டு "கான் ஸாஃப்" என்று கூவிக்கொண்டு வருபவர்களைப் பழைய தில்லியிலும் கன்னாட் பிளேஸ் பக்கமும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து வரலாமாம். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. காரணம் இருக்கிறது. 1994-ல் என் கணவரே பூங்காவில் உட்கார்ந்து பத்து ரூபாய்க்குக் காதைக் காட்டியவர். கம்பி உள்ளே போனது, 'கல்' என்று என்னவோ வெளியே வந்தது, ஆசாமிக்கு ஒரே ஆனந்தம். நாலாம் நாள் காதில் வலி, வீக்கம், நீர். சரியாக ஒன்றரை மாதம் ஆயிற்று. அதே கம்பி அன்று காலையில் எத்தனை காதுகளுக்குள் போய் வந்ததோ!

கடைசியில், டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அத்தையை அழைத்துப் போனோம். டாக்டர் அம்மா விளக்குக் குழலை வைத்து வலது காதைப் பார்த்தார், இடது காதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவருக்குத் தினமும் பட்ஸ் கொடுப்பது யார்?" என்று கேட்டார்.

நான்தான். ஊரில் ஹேர்பின்னால் காது குடைந்துகொண்டிருந்த அத்தையை நாகரிகப்படுத்துவதாக நினைத்து, வந்த வாரமே ஒரு டப்பா பட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன். குளித்ததும் இரண்டு காதையும் சுத்தமாகத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று பாடமும் நடத்தியிருந்தேன். அத்தை அதைச் சிரத்தையாகச் செய்திருக்கிறார். இரண்டு காதிலும் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு, துப்பாக்கியில் மருந்து கெட்டித்ததுபோல் இறுகிப் போயிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காதுத் துவாரத்துக்குள் விடாதீர்கள் என்று அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது!

குறும்பி அழுக்கல்ல

காதுக் குறும்பியை நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான், அது உடம்பு தானே செய்துகொள்ளும் மருந்து என்று தெரிந்தது. காதின் துவாரம் வெளியிலிருந்து செவிப்பறை வரை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பாகத்தில்தான் இதைச் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. அந்தச் சுரப்பும், உதிர்ந்த தோலும், முடியும் சேர்ந்ததுதான் குறும்பி. லேசான புளிப்புத் தன்மை உள்ளதால் கிருமிகள் எளிதில் வளராது. தூசு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தோலில் ஊறாது.

இன்னொரு அதிசயம், காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. செவிப்பறையிலிருந்து காதின் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்து வருகிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்குத் துணை. குறும்பி அதன்மேல் ஏறிக்கொண்டு வாசலுக்கு வந்து, காய்ந்து, உதிர்ந்துவிடும். வெளியே வருகிற விருந்தாளியைப் பட்ஸ் கொண்டு உள்ளே தள்ளுவது நாம்தான். சுரப்பியே இல்லாத உட்பகுதிக்குத் தள்ளிவிட்டால் பிறகு அது தானாகத் திரும்பி வருவது கடினம்.

எல்லோருக்கும் குறும்பி ஒன்றுபோல் இருப்பதுமில்லை. சிலருக்குப் பிசுபிசுப்பாகத் தேன் நிறத்தில் இருக்கும். சிலருக்கு உலர்ந்து செதிலாக உதிரும். இதை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். வயதானால் குறும்பி உலர்ந்து கெட்டியாகிறது, காதில் முடியும் தடிக்கிறது. அதனால் முதியவர்களுக்கு அடைப்பு அதிகம். காதொலிக் கருவி போடுபவர்களுக்கும், ஓயாமல் காதில் இயர்போன் செருகியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அடைப்பு வர வாய்ப்பு உண்டு.

அத்தைக்கு ஒரு மாதமாக வறட்டு இருமல் வேறு இருந்தது. தில்லிக் குளிர் என்று கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காதுத் துவாரத்துக்கு வரும் ஒரு நரம்பு தொண்டைக்கும் போகும் நரம்பின் கிளையாம். காதில் அடைப்பு உறுத்தினால் சிலருக்கு இருமல் வரும் என்றார் டாக்டர்.

ஐந்து நாள் வைத்தியம்

அன்றைக்கே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். "பாறையாக இருக்கிறது. இப்போது தோண்டினால் வலிக்கும், காயமாகும். வீட்டில் ஐந்து நாள் ஊறவைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். செவிப்பறையில் ஓட்டையில்லை, முன்பு காதில் சீழ் வந்ததில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இதைச் சொன்னார்.

என்ன எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் தில்லி ஜனவரியில் பாட்டிலோடு உறைந்து கிடந்தது. கடுகெண்ணெய் காரம், காதின் மெல்லிய தோலை எரிக்கும், பூண்டு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான ஆலிவ் எண்ணெய் போதுமாம். பாதாம் எண்ணெயும் விடலாம். பாதாம், கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூடாது. மருந்துக் கடைச் சொட்டு மருந்துகளும் உண்டு. எது சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், ஒன்றைவிட ஒன்று பெரிதாக மிஞ்சியதாகத் தெரியவில்லை. ஆகவே விலை கூடிய பாட்டிலுக்கு மயங்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்த முறை இது:

1. எண்ணெயை அடுப்பில் வைக்கக் கூடாது. பாட்டிலைக் கைக்குள் வைத்திருந்து, அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

2. ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை மேலாகவும் பின்னாகவும் லேசாக இழுத்துக்கொண்டு, டிராப்பரால் இரண்டு அல்லது மூன்று சொட்டு. கிண்ணத்திலிருந்து ஊற்றுவது கூடாது.

3. ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து, வழிவதை வெளியே மட்டும் துணியால் துடைத்துக்கொள்ளலாம். பஞ்சை உள்ளே அடைக்க வேண்டாம்.

4. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. மூன்று முதல் ஐந்து நாள்.

முதல் இரண்டு நாள் அத்தைக்கு அடைப்பு இன்னும் கூடிவிட்டதுபோல் இருந்தது. குறும்பி ஊறி உப்புவதால் அப்படித் தோன்றும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பலருக்கு இந்த எண்ணெயிலேயே இளகித் தானாக வெளியே வந்துவிடுமாம். அத்தைக்குப் பாதிதான் வந்தது.

ஆனால் அந்த ஐந்து நாளில் இன்னொன்று நடந்தது. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் அத்தை என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பேச முடியாது, கேட்காதே! நான் அவர் தலையைக் கோதிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள், "டிக்கெட் போட்டாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "இருக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

தண்ணீரும் தலைசுற்றலும்

ஆறாம் நாள் டாக்டர் தண்ணீர் பீச்சி மீதியை எடுத்தார். தண்ணீரின் சூட்டை அவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ததைக் கவனித்து, ஏன் என்று கேட்டேன். தண்ணீர் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி, அறையே சுற்றும். வியன்னாவில் இருந்த ராபர்ட் பாரனி என்ற டாக்டரிடம் காது கழுவ வந்த நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார்கள். தண்ணீரின் சூட்டுக்கும் சுற்றலுக்கும் உள்ள தொடர்பை அவர் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசே கிடைத்தது! ஆகவே வீட்டில் ஊசிக் குழாயை எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள். வேகமாகப் பீச்சினால் செவிப்பறை கிழியலாம். தண்ணீர் பீச்சக் கூடாதவர்களுக்கு உறிஞ்சும் கருவியால் எடுக்கும் வழியும் டாக்டர்களிடம் இருக்கிறது.

இரண்டு காதிலிருந்தும் கறுப்பாக, புளியங்கொட்டை மாதிரி இரண்டு கட்டிகள் வந்தன. "இதுவா இத்தனை நாள் உள்ள உக்காந்திருந்தது?" என்று அத்தை முகத்தைச் சுளித்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "என்னட்டி இந்த ஊர்ல இம்புட்டுச் சத்தம்!" என்றார். நானும் என் கணவரும் சிரித்தோம். இந்தத் தடவை அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலையில் நான் சமையலறையில் இருந்தபோது பின்னால் வந்து நின்றார். "நீ வேலை செய்யும்போது பாடுவியா? வந்து ரெண்டு மாசமாச்சு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். உண்மையில் நான் பாடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

இவற்றைச் செய்யாதீர்கள்

* பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி, சாவி, கோழி இறகு எதையும் காதுக்குள் விடாதீர்கள். வெளி மடலை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

* காய்ச்சிய எண்ணெய், உப்புத் தண்ணீர், பூண்டுச் சாறு ஊற்றாதீர்கள்.

* காதில் நட்டு வைத்துக் கொளுத்தும் மெழுகுத் திரிகள் விற்கிறார்கள். எரிந்தபின் அடியில் தங்குவது அந்தத் திரியின் மெழுகுதான், காதின் குறும்பி அல்ல. தீக்காயம்தான் மிச்சம்.

* அடைப்பே இல்லாத காதுக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதெல்லாம் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். ஈரக் காதில் பூஞ்சைக்கு அது வசதி.

எண்ணெய் வைத்தியமும் எல்லோருக்கும் ஆகாது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், காதில் வலி, சீழ், ரத்தம், ஜுரம் உள்ளவர்கள், ஒரு காது மட்டுமே கேட்பவர்கள் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காதுக்குள் ஒரு சின்னக் கீறல் அவர்களுக்கு எலும்பு வரை போகும் தொற்றாக மாறலாம்.

மிக முக்கியமாக ஒன்று. நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், குறும்பி என்று எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராதீர்கள். தலைக்குக் குளித்ததும் குறும்பி ஊறித் திடீரென்று அடைப்பது உண்டுதான். ஆனால் உள் நரம்பு பாதித்துத் திடீர்ச் செவிடு வருவதும் உண்டு. அதற்கு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அன்றோ மறுநாளோ போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

அடைப்பை எடுத்ததால் அத்தைக்கு இருபது வயதுக் காது வந்துவிடவில்லை. பிறகு பரிசோதித்ததில், வயதுக்கு உரிய குறை கொஞ்சம் இருப்பது தெரிந்தது. 2016-ல் கருவி வாங்கினோம். இந்தத் தடவை முதலில் காதைப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு, அளந்து வாங்கினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுகிறோம். அத்தை எண்பதைத் தாண்டிவிட்டார். போனில் நாத்தனாரோடு சண்டை போடுகிற அளவுக்குக் கேட்கிறது!

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வரும் நம்மில் பலர் அவர்களுக்கு ஸ்வெட்டர் வாங்குகிறோம், ஹீட்டர் வாங்குகிறோம். அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டால் மட்டும், வயதாகிவிட்டது, ஊர் ஞாபகம், பிடிவாதம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர்களுக்கு இந்த ஊரில் கேட்கும் தமிழ் பெரும்பாலும் நம் குரல்தான். அது போய்ச் சேருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒருவேளை அத்தைக்குக் கோபமே இல்லாமல் இருக்கலாம்.